செக்போஸ்ட் சிஸ்டரின் பேட்டரிகள்

சிரித்த முகத்தை நான் நம்புவதில்லை. அதுவும் ஒரே இடத்துக்கு என்னோடு போட்டி போடுகிற முகம் என்றால் சுத்தமாக நம்புவதில்லை.

ராணுவ மருத்துவமனையின் தீவிர சிகிச்சை வார்டில் நான் நர்ஸ். சிப்பாய்கள் எனக்கு வைத்த பெயர் செக்போஸ்ட். பார்க்க வருகிறவர்களின் பழப்பையைக்கூடக் கிளறிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். தீவிர சிகிச்சைக்கென்று தனிப் படிப்பு ஒன்று உண்டு. அதை முடித்தால் களமுனை மருத்துவமனைக்குப் போகலாம். வேலையில் சேர்ந்த நாள் முதல் எனக்கு அந்த ஒரே ஆசைதான். இந்த முறை எங்களுக்கு ஒரே இடம். அடுத்த முறை எனக்கு வயது தாண்டிவிடும். மனுப் போட்டவர்கள் இரண்டு பேர், நானும் சிரிப்பழகியும்.

சிரிப்பழகி என்பது நான் வைத்த பெயர். அவள் என்னைவிட இளையவள். ஆள் பற்றாக்குறையால் எங்கள் வார்டில் இரண்டே ஷிஃப்ட். இரவு எனக்கு, பகல் அவளுக்கு. ஷிஃப்ட் மாறும்போது அவசர வண்டியில் இருக்கும் தொண்டை விளக்கை இரண்டு பேரும் சேர்ந்து எரியவிட்டுப் பார்க்க வேண்டும். மூச்சு நின்றவனின் தொண்டைக்குள் குழாய் இறக்க அந்த வெளிச்சம்தான் வழி காட்டும்.

ஒருநாள் மாலை அவள் ஒப்படைத்துவிட்டுப் பையை எடுக்கும்போதே மேட்ரன் சோதனைக்கு வந்தார். என்னை அந்த விளக்கைப் போடச் சொன்னார். எரியவில்லை. மேட்ரன் என்னைத்தான் முறைத்தார்.

"இப்பதானேக்கா எரிஞ்சுது," என்றாள் சிரிப்பழகி. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சாகப்போகிற பேட்டரியைப் போட்டு அவள்தான் என்னை மாட்டிவிட்டாள் என்று அன்றே எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த நாள் கடையில் நல்ல பேட்டரி இரண்டு வாங்கினேன். மாலையில் அதைப் போடுவேன். காலையில் இருவரும் எரியவிட்டுப் பார்த்து, அவள் கை கழுவத் திரும்பியதும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். அவள் கையில் விட்டால் அதையும் சாகடித்துவிடுவாளே. வேண்டுமென்றால் அலமாரியில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

மாலையில் வந்து பார்த்தால் தினமும் விளக்கில் பளபளவென்று புது பேட்டரி இருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"அந்தப் பொண்ணு உன்னை என்னதான் பண்ணுச்சு?" என்று போனில் கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இதுவரைக்கும் ஒண்ணும் பண்ணலை. அதான் சந்தேகமா இருக்கு."

அவர் போனை வைத்துவிட்டார்.

நேர்காணலுக்கு இரவு ஷிஃப்ட் முடிந்து, விளக்கை எரியவிட்டுப் பார்த்து, வழக்கம்போலக் கழற்றிக்கொண்டு, சீருடையோடு நேரே போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். நடுவில் கர்னல் அம்மா. கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னேன். அவர் முகம் மலர்வதைப் பார்த்தபோது இடம் எனக்குத்தான் என்று மனசு துள்ளியது.

அப்போது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஹெலிகாப்டர் தாழப் பறந்து எங்கள் கட்டடம் பக்கம் போனது.

"காயம்பட்டவங்களைக் கொண்டு வர்றாங்க போல. உங்க வார்டுக்குத்தான் வரும்," என்றார் கர்னல் அம்மா. "அவசர வண்டி தயாரா வச்சிட்டுத்தானே வந்தீங்க?"

வச்சிட்டேன் மேடம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. இரண்டு பேட்டரியும் அங்கேதான் இருந்தன. அவள் வேறு போட்டிருப்பாள், தினமும் போடுகிறவள்தானே என்று மனசு சொன்னது. இத்தனை நாள் துளிகூட நம்பாதவளை இந்த ஒரு நிமிஷம் நம்பினால் போதும், இடம் எனக்கு. ஆனால் நம்ப முடியவில்லை.

"மேடம், வார்டுக்கு ஒரு போன் பண்ணணும். இப்பவே."

கர்னல் அம்மாவே எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். சிரிப்பழகிதான் எடுத்தாள்.

"தொண்டை விளக்குல பேட்டரி இல்ல. என் பாக்கெட்ல இருக்கு. சீக்கிரம் வேற போடு."

"தெரியும்க்கா. தினமும்தான் எடுத்துட்டுப் போறீங்களே. நீங்க படி இறங்கினதும் புதுசு போட்டுருவேன். ஏதோ ராசி பேட்டரி போலன்னு நினைச்சு நானும் கேக்கல." பின்னால் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம். "ஆள் வந்தாச்சு, வைக்கிறேன். நீங்க இன்டர்வியூவை நல்லா பண்ணுங்கக்கா."

கர்னல் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தினமும் எடுத்துட்டுப் போவீங்களா?"

"ஆமா மேடம்."

"ஏன்?"

அவமானத்தில் காது சுட்டது. "அவங்களை நம்பல மேடம்."

கர்னல் அம்மா பேனாவை மூடினார். "அந்தப் பொண்ணுக்கு நேர்காணல் என்னிக்கு?"

"நாளைக்கு மேடம்."

"சரி. நீங்க போகலாம்."

சல்யூட் அடித்துவிட்டுக் கதவருகே போனபோது மறுபடி கூப்பிட்டார். "சிஸ்டர், அந்த பேட்டரியை வார்டுல குடுத்துட்டுப் போங்க. இன்னிக்குத் தேவைப்படும்."

ஓடினேன். வார்டு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. படுக்கையில் முகமெல்லாம் புழுதியாக ஒரு சிப்பாய். அவன் தலைமாட்டில் டாக்டர் குனிந்திருந்தார். பக்கத்தில் குழாயை நீட்டியபடி சிரிப்பழகி. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. டாக்டர் கையில் தொண்டை விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.