பதினேழாம் தேதிக்குள் திரும்ப வேண்டும்

அப்பாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்று மெக்சிகோவில் அவர் இருக்கும் பூயெப்லாவிலிருந்து செய்தி வந்தது. அமெரிக்காவிலிருந்து அவரைத் திருப்பி அனுப்பிப் பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. அரசு மருத்துவமனையில் அவர் முறை வர இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்றார்கள்.

மூன்று வயதில் என்னை மெக்சிகோவிலிருந்து இங்கே தூக்கி வந்தார்கள். சிறு வயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் இருக்கத் தரும் டாகா பாதுகாப்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, ஃப்ரெஸ்னோவில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். முன்கூட்டியே பயண அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டுப் போனால் அதோடு சரி, திரும்பி உள்ளே வர முடியாது.

"போகாதே நெரேய்தா," என்றாள் அம்மா. இந்த நாட்டில் இருக்க அவளிடம் எந்தத் தாளும் இல்லை. "உன்னையும் அந்தப் பக்கம் விட்டுட்டு நான் இங்க என்ன பண்ணுவேன்?"

"ஒளிஞ்சா போறேன்? கேட்டுட்டுத்தானேம்மா போறேன்."

வக்கீல் ஒஃபேலியா என் காகிதங்களை ஒன்றுவிடாமல் புரட்டினார். "பழைய வழக்கு, வெளியேறச் சொல்லி உத்தரவு, ஏதாவது உண்டா?"

"வண்டிய தப்பான இடத்துல நிறுத்தினதுக்கு ஒரு அபராதம்."

"அதுக்காக யாரும் நாடு கடத்த மாட்டாங்க. முதல்ல டாகாவப் புதுப்பி. முடிய அஞ்சு மாசம் இருக்கு, இப்பவே போட்டுடலாம். அது கைக்கு வந்தப்புறம் பயண அனுமதி கேட்போம். நீ வெளியே நிக்கிறப்ப இங்க காலாவதி ஆகக் கூடாது."

அப்படியே செய்தோம். டாகா வந்தது. டாக்டரின் கடிதத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் வைத்து விண்ணப்பித்து, பல மாதம் கழித்துப் பயண அனுமதியும் வந்தது. அக்டோபர் பதினேழு வரை.

அறுவை சிகிச்சை ஆறாம் தேதி என்றிருந்தது. நான் போய் இறங்கியதும் பதினொன்றுக்குத் தள்ளிவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதிக்கு வாங்கியிருந்த டிக்கெட்டைப் பதினாறுக்கு மாற்றினேன். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "இளைச்சிட்ட."

பதினாறு காலையில் ஊருக்குப் பக்கத்து எரிமலை பொங்கிச் சாம்பல் கொட்டியது. விமான நிலையங்களை மூடிவிட்டார்கள். என் விமானம் ரத்து.

"டான் கோயோவுக்கு இருமல்," என்றார் அப்பா. அந்த எரிமலைக்கு ஊரில் அதுதான் பெயர். அப்புறம் என் கையைத் தட்டினார். "என் நெஞ்ச டாக்டர் பாத்துப்பார். நீ உன் தேதியப் பாரு. கிளம்பு."

ஒஃபேலியாவைப் போனில் பிடித்தேன்.

"விமானத்துலதான் வரணும்னு தாள்ல எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப நடந்தும் வரலாம். நாளைக்குள்ள எல்லை வாசல்ல அதிகாரி முன்னாடி போய் நில்லு."

சாம்பல் எட்டாத தூரத்திலிருந்த குவாதலஹாராவுக்குப் பேருந்து பிடித்தேன். அங்கே வானம் சுத்தமாக இருந்தது. மறுநாள் காலை விமானத்தில் எல்லையோர நகரமான தீஹுவானா. பதினேழாம் தேதி மதியம், பெட்டியை இழுத்துக்கொண்டு எல்லை வரிசையில் நின்றேன்.

தனி அறைக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் காகிதங்களில் ஓட்டை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"கடைசி நாள்ல வந்திருக்கீங்களே?" என்றார் அதிகாரி.

மருத்துவமனைச் சீட்டையும் விமானம் ரத்தான செய்தியையும் காட்டினேன். "எரிமலைகிட்ட என் தேதியச் சொல்ல முடியல சார்."

அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் நிதானமாகப் படித்து, முத்திரை குத்தி நீட்டினார்.

வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கேட்டாள்: "அவருக்கு முடியெல்லாம் நரைச்சிடுச்சா?"

"முழுக்க."

"எனக்கும் நரைச்சிடுச்சுன்னு சொன்னியா?"

"நான் எங்க சொன்னேன்? அவரேதான் உன்னப் பத்திக் கேட்டார். உன் படத்தக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, 'இன்னும் அழகாத்தான் இருக்கா'ன்னார்."

"பொய் சொல்றதுல மட்டும் அவருக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.