பேசி முடிக்குமுன் கலர்

"குடிக்கக் கூல்டிரிங்க்ஸ் ஏதாவது கிடைக்குமாங்க?"

மாப்பிள்ளையின் அம்மா பிரேமா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். என் தம்பி செல்லத்துரை என்னைப் பார்த்தான். நான் தம்பி பெண்டாட்டி சுதாராணியைப் பார்த்தேன். அவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் மகள் ஜெயப்பிரியா சேலை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

வந்தவர்கள் சென்னைக்காரர்கள். பூர்வீகம் ஓட்டப்பிடாரம். பிரேமாவும் அங்கே பிறந்தவள்தான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பாவோடு சென்னைக்குப் போய்விட்டவள். காலையில் ஓட்டப்பிடாரத்தில் குலதெய்வம் கும்பிட்டுவிட்டு கோவில்பட்டிக்கு வரும் வழியில் காரில் ஏ.சி. நின்றுபோயிருக்கிறது. சித்திரை மாதம், கரிசல் காட்டு ரோடு. கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் புழுக்கம். அவளும் வீட்டுக்காரரும் மகன் நந்தகோபாலும் அவித்த பனங்கிழங்கு மாதிரி வந்து இறங்கினார்கள்.

கேட்டதில் தப்பில்லை. ஆனால் அவள் கூல்டிரிங்க்ஸ் என்று சொன்னதற்கு எங்களிடம் பேர் கலர். பெண் பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் தெருவில் காப்பிதான் கொடுப்போம். பேசி முடித்து, ரெண்டு பக்கமும் சரி என்று சொன்ன பிறகுதான் கலர். எதிர்க் கடையிலிருந்து கலர் வீட்டுக்குள் போவதைப் பார்த்தாலே போதும், தெருவில் 'முடிஞ்சிட்டு' என்று சொல்லிவிடுவார்கள்.

என்னைப் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். அப்போதெல்லாம் கலரில் என்ன பழம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். செவப்பா, மஞ்சளா, அவ்வளவுதான் பேச்சு. கடையில் ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். என் மாமனார் ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நகைநட்டு பேசினார். கடைசியில் எங்கள் அப்பா வாசலைப் பார்த்து, "கலர ஒடைங்கப்பா" என்றார். பாட்டில் வாயில் கோலி போய்த் தகர மூடி வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, எங்களுக்கு இன்றைக்கும் அது உடைப்பதுதான். பெண்ணுக்குக் கலர் கிடையாது. ஆனால் மாப்பிள்ளை பாதியைக் குடித்துவிட்டு, மீதி மஞ்சள் கலரோடு பாட்டிலை உள்ளே அனுப்பியிருந்தார். எங்கள் சித்தி அதைக் கொண்டுவந்து, "ஒனக்குன்னுதான் வச்சிருக்காவ, குடிட்டி" என்றாள். ஐஸ் போய், கேஸ் போய், வெறும் சீனித்தண்ணி. அதற்குப் பிறகு எவ்வளவோ கலர் குடித்தாயிற்று. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாக்கில் நிற்பது அந்தப் பாதி பாட்டில்தான்.

ஜெயப்பிரியாவுக்கும் போன வருஷம் கலர் உடைத்தோம். மதுரைப் பக்கத்துக் கூட்டம். சிரிக்கச் சிரிக்கக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. "கலர் குடிச்ச எடம் என்னாச்சு?" என்று கோயிலில் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள். ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்: "இன்னொரு தடவ முடிவு தெரியாம இந்த வீட்டுல பாட்டில் ஒடச்சா, நான் இனி யாரு முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்." சொன்னால் சொன்னபடி நிற்கிற பிள்ளை.

சுதாராணி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இப்ப என்ன மதினி செய்ய?"

"காப்பி போட்டாச்சுல்லா?"

"இந்த வேக்காட்டுல காப்பியவா குடிப்பாவ?"

"மோரு குடு."

"கேட்டுட்டேன். அவிய வீட்டுக்காரருக்கு மோரு குடிச்சா சளி பிடிக்குமாம்."

"சித்திரையிலயா?"

"மெட்ராஸ்ல எல்லா மாசமும் பிடிக்கும்போல."

செல்லத்துரை தலையை நீட்டினான். "அக்கா, வாய்விட்டுக் கேட்டவியளுக்கு இல்லன்னு எப்படிச் சொல்ல? நீ போயி அபுதாஹிர் கடையில வாங்கிட்டு வா."

"நீ போயேம்லே."

"நான் போனா பந்தல்காரனே அட்வான்ஸ் கேட்டு வந்துருவான்."

உள்ளறையிலிருந்து "அத்தை" என்று ஒரு குரல் வந்தது. வேறொன்றும் சொல்லவில்லை. "தெரியும்ட்டி" என்றேன். என்ன தெரியும் என்று எனக்கே தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

"என்னக்கா, முடிஞ்சிட்டா?" அபுதாஹிர் ஐஸ் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டான்.

"மெதுவாப் பேசுலே. பொண்ணையே இன்னும் பாக்கல."

"பாக்காமலேயே கலரா?"

"அவிய கூல்டிரிங்க்ஸ் கேக்காவ."

"அப்படிச் சொல்லுங்க. மெட்ராஸ்காரவியளுக்கு அது சும்மா தொண்டைய நனைக்க. கயத்தாறுல எங்க மாமா கடையில நிக்கையில பாத்திருக்கேன்லா, லாரிக்காரவிய வருவாவ. கேரளாக்காரன் சர்பத்தும்பான். வடக்க உள்ளவன் தண்டாம்பான். கலருன்னு கேட்டா அவன் நம்ம ஊருக்காரன்."

"இதத் தெருவுல நின்னு நாலு பேருக்குச் சொல்லு."

"பெரிய பிளாஸ்டிக் பாட்டில் தரட்டாக்கா? அது கலர் கணக்குல வராது. டம்ளர்ல ஊத்திக் குடுத்துருங்க."

"டம்ளர்ல ஊத்துனா கலரு மோராயிருமா?"

"அப்பம் பையில போட்டுத் தாரேன்."

"மறைச்சுக் கொண்டுபோனா இன்னும் கேவலம்லே. கையிலயே குடு."

நாலு பாட்டிலையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கை கொடியிலேயே நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது செல்லத்துரை சொல்லிக்கொண்டிருந்தான்: "அக்கா கலர் வாங்கத்தான் போயிருக்காவ. இந்தா, வந்துட்டாவள்லா."

பிரேமா கழுத்தைத் துடைப்பதை நிறுத்தினாள். "என்ன வாங்கன்னு சொன்னீங்க?"

"கலருங்க. நீங்க கேட்ட கூல்டிரிங்க்ஸ்தான்."

"கலரு." அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "இந்தப் பேரக் கேட்டு எத்தன வருஷமாச்சு. அப்பா இருந்த வரைக்கும் வீட்டுக்கு யாரு வந்தாலும், 'பிரேமா, கலர் வாங்கிட்டு வா'ம்பாரு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க சிரிக்கும். எனக்கு வெக்கமா இருக்கும். அப்பா போன பிறகு வீட்டுல யாருமே அப்படிச் சொல்லல."

"எங்களுக்கு இப்பமும் அதுதான்" என்றேன். ஓப்பனரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஓட்டப்பிடாரத்துல எங்க பெரியத்தையப் பொண்ணு பாக்க வந்தப்போ," அவள் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள், "பிள்ளைங்க நாங்க வாசல்லயே நிப்போம். எப்ப ஒடைப்பாங்கன்னு. ஒடைச்சாதான எங்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் கெடைக்கும். செவப்புக் கலரக் குடிச்சிட்டு, நாக்க நீட்டிக்கிட்டே தெரு பூரா ஓடினோம். அத்தைக்கு முடிஞ்சிட்டு, அத்தைக்கு முடிஞ்சிட்டுன்னு…"

அத்தோடு நின்றுவிட்டாள். நான் முதல் பாட்டில் மூடியில் ஓப்பனரை வைத்திருந்தேன்.

"அக்கா, ஒடைக்காதீங்க" என்றாள் பிரேமா.

உள்ளறையில் வளையல் சத்தம் அடங்கிப்போயிற்று. சுதாராணி சுவரில் சாய்ந்தாள். செல்லத்துரை எழுந்தே விட்டான்.

"ஏன்? பிள்ளைய நீங்க இன்னும் பாக்கவே இல்லியே" என்றான்.

"அதுக்குத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி." ஊர்ப் பேச்சில் சொல்லுதேன் என்று வாயில் வந்ததை அவள் கவனிக்கவில்லை. மகன்தான் திரும்பிப் பார்த்தான். "நான் பாட்டுக்கு வந்ததும் வராததுமாக் கேட்டுட்டேன். இங்கன அதுக்கு என்ன அர்த்தம்னு மறந்தே போச்சு. பிள்ளை என் மகனப் பாக்கல. ஒரு வார்த்தை பேசல. எனக்குத் தாகம்னு அவ தலையில முடிவக் கட்டலாமா? தண்ணி குடுங்க, போதும்."

"ஒரு கூல்டிரிங்க்ஸுக்கு ஏம்மா இவ்வளவு பேச்சு?" என்றான் நந்தகோபால்.

"ஒனக்குத் தெரியாது."

"தெரியலன்னா சொல்லுங்க."

போன வருஷத்துக் கதையைப் பெண் பார்க்க வந்தவனிடம் யார் சொல்வது?

"நான் சொல்லுதேன்" என்று ஜெயப்பிரியா வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கையில் காப்பித் தட்டு இல்லை, ஒரு செம்புத் தண்ணி இருந்தது. அதைப் பிரேமாவிடம் கொடுத்தாள். அவள் அண்ணாந்து குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் நந்தகோபாலைப் பார்த்துப் பேசினாள்.

"இங்கன கலர் ஒடச்சா கல்யாணம் முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். போன வருஷம் ஒருத்தருக்கு ஒடச்சாவ. குடிச்சிட்டுப் போனவிய திரும்பி வரல. தெருவுல இப்பம் எனக்கு, கலர் குடிச்சிட்டு வேண்டாம்னு விட்டுட்டுப் போன பொண்ணுன்னு பேரு. குடிச்சது அவிய, பேரு எனக்கு."

சுதாராணி, "ஏட்டி" என்றாள். மகள் திரும்பவில்லை.

"அப்ப வேணாங்க" என்றான் நந்தகோபால். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எனக்கும் தண்ணி போதும்."

"உண்மையச் சொல்லுங்க. தண்ணி வேணுமா, இது வேணுமா?"

அவன் அம்மாவைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான். "இதுதான்" என்றான்.

ஜெயப்பிரியா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. "அத்தை, ஓப்பனரக் குடுங்க" என்றாள்.

"வேண்டாம்ட்டி. தெருவே பாத்துக்கிட்டு இருக்கு."

"பாக்கட்டும். தாகத்துக்கு ஒடைக்கேன். சம்மதம்னா எனக்கு வாய் இருக்கு, நானே சொல்லுவேன். எனக்காகப் பாட்டில் சொல்ல வேண்டாம்."

ஒவ்வொன்றாகத் திறந்து வந்தவர்கள் மூன்று பேருக்கும் கொடுத்தாள். நாலாவதைத் தானே எடுத்துக்கொண்டு நந்தகோபாலுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு அபுதாஹிர் கடையை விட்டு இறங்கி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, இப்பமாவது முடிஞ்சிட்டா?"

"தாகம் அண்ணே, வெறும் தாகம்" என்று ஜெயப்பிரியாவே உள்ளேயிருந்து பதில் சொன்னாள்.

அப்புறம் அந்த ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை, ஷிப்டு, சென்னையில் தண்ணி லாரி என்று என்னென்னவோ. இடையில் ஒரு தடவை ஏதோ சண்டை மாதிரிகூடக் கேட்டது. பிரேமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உமிக்குள் ஐஸ் புதைத்ததைச் சொன்னேன். "ஆமாக்கா, அந்த உமி பாட்டில்ல ஒட்டிக்கிட்டே வரும், தொடைச்சுத் தொடைச்சுக் குடிப்போம்" என்றாள். சொல்லும்போது அவள் உள்ளங்கை பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது பிரேமா ஜெயப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்குச் சம்மதம்மா. ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லுதோம்னு இழுக்க மாட்டேன். இனி நீதான் சொல்லணும்."

"சொல்லுதேன்" என்றாள் அவள்.

கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சுதாராணி பொறுத்திருந்தாள். "என்னட்டி சொல்லப் போற?"

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா. அவரையும் பிடிச்சிருக்கு, அந்த அம்மாவையும் பிடிச்சிருக்கு."

"அப்பம் இப்பமே போனப் போட்டுச் சொல்லிருவோமே. ஊரக்கூடத் தாண்டிருக்க மாட்டாவ."

"வெள்ளிக்கிழம சொல்லுதேன்."

"வெள்ளிக்கிழமையில என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. இந்தத் தடவ நம்ம போனுக்கு அவிய காத்துக் கெடக்கட்டும்."

செல்லத்துரை ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.