கழற்றி வைத்த பெல்ட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூக்குவரை ஏறுவதற்குள் அது வாய் வழியாக வெளியே போய்விடுகிறது என்பதுதான் உண்மை. போன குளிர்காலத்தில் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபடி கத்தினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் பிழைத்தேன், அதுவும் என் சாமர்த்தியத்தால் இல்லை.

ஒரு கல்லூரி மைதானத்தில் புல் வெட்டுவது என் வேலை. மொத்தம் பன்னிரண்டு ஏக்கர். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பார்ப்பதற்குக் குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். அதன் வயிற்றுக்கு அடியில் அகலமான தகரப் பெட்டி, பெட்டிக்குள் இரண்டு பிளேடு. எஞ்சினிலிருந்து நீளமான ரப்பர் பெல்ட் ஒன்று போய் அந்த பிளேடுகளைச் சுழற்றும். குளிர் தொடங்கினால் புல் வளராது, வண்டியையும் கொட்டகையில் தூங்க வைத்துவிடுவோம். சும்மா கொண்டுபோய் நிறுத்திவிட்டு வர முடியாது. பெட்ரோலை வடிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே பிசினாகி அடைத்துக்கொள்ளும். பெட்டிக்கு அடியில் ஒட்டிய ஈரப்புல்லைச் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகும். எண்ணெய் மாற்ற வேண்டும், பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். பதினான்கு வருடமாக இதையெல்லாம் நான் ஒருவன்தான் செய்து வந்தேன், வேறு யாரையும் தொட விட்டதில்லை.

போன வருடம் கடைசி வெட்டு முடிந்த அன்று, முன்சக்கரங்களைச் சாய்வுப் பலகை மேல் ஏற்றிவிட்டு அடியில் தண்ணீர் அடிக்கப் போனேன். ஈரப்புல்லில் கால் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள், எனக்கு அதுவரை ஒன்றும் படாத காலில் பட்டது. என்னை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாட்ச்மேன் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினார். தொட்டி நிறையப் பெட்ரோல், அடியில் ஈரப்புல், பேட்டரி மாட்டியபடியே.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த மறுநாள் மேற்பார்வையாளரின் கடிதம் வந்தது. குளிர் முடிந்து முதல் வெட்டு நாளன்று நிர்வாகக் குழு வரும், அவர்கள் முன்னால் வண்டி கிளம்பிப் புல் வெட்ட வேண்டும். வெட்டினால் நான் வேலையில் தொடரலாம். வெட்டாவிட்டால் வண்டி இரும்புக்கடைக்கு, மைதானம் ஒப்பந்தக்காரருக்கு. டாக்டரோ, இனிமேல் நாள் முழுக்க நடந்து தள்ளுகிற வேலை எதையும் நினைத்தே பார்க்காதே, உட்கார்ந்து ஓட்டுவதானால் ஓட்டு என்று சொல்லியிருந்தார். ஆக, அந்த வண்டி செத்தால் என் பிழைப்பும் சேர்ந்து செத்தது.

என் மனைவிக்கு பேக்கரியில் விடியற்காலை வேலை. பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா வந்து சேர்ந்தார், கூடவே அவருடைய தையல் மெஷினும் வந்தது. என் மாமியார் சட்டை ஆலையில் முப்பது வருடம் தைத்தவர். எனக்கும் அவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு பேன்ட். கல்யாணத்துக்கு அவர் தைத்துக் கொடுத்த பேன்டில் ஒரு கால் மற்றதைவிட விரற்கடை நீளம் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உண்மையில் நீளம்தான். ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார், மகள் இல்லையென்றால் சுவரிடம். “மாத்திரை நேரமாச்சு” என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். நானும் கூரையைப் பார்த்து “தெரியும்” என்பேன்.

அந்த மூன்று மாதமும் நான் கூரையைப் பார்த்து என்னவெல்லாம் கத்தினேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பெட்ரோல் இந்நேரம் கெட்டிருக்கும், குழாயை எந்த இடத்தில் பிடுங்கி வடிக்க வேண்டுமென்று அந்த வாட்ச்மேன் மடையனுக்கு எங்கே தெரியும் என்று புலம்புவேன். பேட்டரியில் கறுப்பு வயரை முதலில் கழற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் சிவப்பு, மாற்றிச் செய்தால் பொறி பறக்கும் என்று யாருமே கேட்காத பாடத்தை ஒப்பிப்பேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே நாலு சொட்டு எண்ணெய் விட வேண்டும், வண்டியைக் கட்டை மேல் தூக்கி வைக்க வேண்டும் என்பேன். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. பக்கத்து அறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும், நான் கத்தும்போது மட்டும் நின்றுவிடும். என் சத்தம் பொறுக்காமல்தான் நிறுத்துகிறார் என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்தினேன்.

இடையில் சில நாள் பிற்பகலில் அம்மாவும் மகளும் துணிக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது கையில் துணி எதுவும் இல்லை. விலை படியவில்லையாம். நானும் நம்பினேன்.

முதல் வெட்டு நாள் வந்தது. ஊன்றுகோலோடு எட்டு மணிக்கே கொட்டகைக்குப் போய்விட்டேன். துருவும் எலிப்புழுக்கையும்தான் இருக்கப்போகிறது, மரியாதையாகத் திரும்பி வந்துவிடலாம் என்று மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன். வாட்ச்மேன் கதவைத் திறந்தார். வண்டி நான்கு மரக்கட்டைகள் மேல் சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது. மேலே ஒரு உறை. வாங்கிய உறை இல்லை, அளவெடுத்துத் தைத்தது. ஸ்டீயரிங்குக்குத் தனி வளைவு, கியர் கம்பிக்குக் காஜா எடுத்த ஓட்டை, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். தொழில் தெரிந்த கை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

“உங்க மாமியார்தான்,” என்றார் வாட்ச்மேன். “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. மகளோட நாலு நாள் வந்தாங்க. பெட்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு, பழைய கத்திரிக்கோலால சுரண்டினாங்க.”

நான் கூரையிடம் கத்திய ஒவ்வொன்றும் அங்கே வரிசை தப்பாமல் செய்யப்பட்டிருந்தது. தொட்டி காலி, எண்ணெய் புதிது, அடித்தகரம் துடைத்துவிட்ட பாத்திரம் போல இருந்தது. பேட்டரியை மட்டும் காணோம். எவனோ திருடிவிட்டான் என்று நான் கத்த ஆரம்பிக்கும்போது வாசலில் மாமியார் நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார், கையில் துணிப்பை, அதற்குள் பேட்டரி. என்னைப் பார்க்காமல் வாட்ச்மேனிடம், மாதம் இரண்டு தரம் சார்ஜ் ஏற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்ததாகச் சொன்னார். நான் படுத்திருந்த அதே கட்டில்தான்.

பேட்டரியை மாட்டினோம், வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கினோம், புதுப் பெட்ரோல் ஊற்றினோம். இரண்டாவது முறை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர், தலைவர் ஒரு வயதான பேராசிரியை. பக்கத்தில் மேற்பார்வையாளர், கையில் ஒப்பந்தக்காரரின் கடிதத்தோடு. நான் ராஜா மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கி, பிளேடைச் சுழற்றும் கம்பியை இழுத்தேன். எஞ்சின் உறுமியது, வண்டி நகர்ந்தது, புல் மட்டும் வெட்டுப்படவில்லை. படுத்தது, திரும்ப எழுந்து நின்றது. பத்தடி போய்ப் பார்த்தேன், இருபதடி போய்ப் பார்த்தேன். மேற்பார்வையாளர் கடிதத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

நிறுத்தி இறங்கி, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை குனிந்து பார்த்தேன். பெல்ட்டே இல்லை. “எந்த முட்டாள் பெல்ட்டைக் கழற்றினது?” என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் எனக்கே விடை தெரிந்துவிட்டது. தையல்காரர்கள் நீண்ட நாள் மெஷினை மூடி வைப்பதாக இருந்தால் சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். இழுபட்டபடியே கிடந்தால் பெல்ட் தளர்ந்துபோகும் என்பார்கள். உறையைத் தவிர நான் சொல்லாத ஒரே ஒரு வேலையை அவர் தன் பழக்கத்தில் செய்திருக்கிறார். பதினான்கு வருடத்தில் நான் அந்த பெல்ட்டைக் குளிர்காலத்துக்கென்று கழற்றியதே இல்லை, அதனால் காலையில் பார்க்கவும் தோன்றவில்லை.

மைதான ஓரத்தில் நின்ற மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. கொட்டகைக்கு ஓடினார். அறுபத்து நாலு வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது ஒரு கையில் துணியில் சுற்றிய பெல்ட், மறு கையில் சுருட்டிய காக்கித்தாள். தாளைப் புல்லில் விரித்தார். பெல்ட் எந்தக் கப்பிச் சக்கரத்துக்கு உள்ளே போகிறது, எதற்கு வெளியே வருகிறது, எங்கே திரும்புகிறது என்று நிஜ அளவிலேயே தையல் சாக்கால் வரைந்து வைத்திருந்தார், சட்டைக்குப் படிவம் வெட்டுவது போல.

மாவுக்கட்டு அவிழ்த்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, என்னால் தரையில் உட்காரவே முடியாது. அவர் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். பதினோரு வருடத்தில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“சாவிய எடுத்து என் கையில குடுங்க, மாப்பிள்ளை. நீங்க மறந்துபோய்த் திருப்பினீங்கன்னா என் விரலு போயிடும்.”

கொடுத்தேன். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, குழு பார்த்துக்கொண்டிருக்க, வண்டிக்கு அடியில் படுத்தார். நான் தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் மாட்டினார். நடுச்சக்கரத்தில் உள்பக்கமாகப் போகச் சொன்னேன். இல்லை, வெளிப்பக்கம்தான், தாளைச் சரியாகப் பாருங்கள் என்று அடியிலிருந்து குரல் வந்தது. பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. கடைசிச் சுற்றில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்க அவருக்குப் பலம் போதவில்லை. வாட்ச்மேன் ஓடி வந்து ஒரு கை கொடுத்தார். எட்டு நிமிடம் ஆகியிருக்கும், எனக்கு எட்டு வருடம் போல இருந்தது.

சாவி என் கைக்கு வந்தது. ஏறி உட்கார்ந்து கம்பியை இழுத்தேன். பிளேடு சுழன்றது, புல் பறந்தது. மைதானத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பி வந்தேன். வெட்டிய தடம் நூல் பிடித்தது போல நேராக இருந்தது. மேற்பார்வையாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. அனுமதி இல்லாத வெளியாள் கொட்டகைக்குள் போயிருக்கிறார், பாகத்தைக் கழற்றியிருக்கிறார், இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

நானே ஆள் வைத்துச் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மாமியாரைப் பார்த்தேன். முழங்கையெல்லாம் கிரீஸ், தலையெல்லாம் புல்.

“பொறுப்பு நான்தாங்க,” என்றேன். “செஞ்சது என் மாமியார். நான் படுத்துக்கிட்டு கத்தத்தான் செஞ்சேன். அவங்க இல்லன்னா இந்த வண்டி இன்னிக்கு கிளம்பியே இருக்காது.”

பேராசிரியை காக்கித்தாளைக் குனிந்து பார்த்தார். பிறகு நால்வரும் பேசி முடிவு செய்ய அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் வாசலில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். கழற்றியவருக்கே திரும்ப மாட்டவும் தெரிந்திருக்கிறது, அப்படி நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பேராசிரியை மேற்பார்வையாளரைக் கேட்டாராம். வண்டி இருக்கும், வேலையும் இருக்கும் என்றார்கள். வாட்ச்மேனுக்கும் எந்தத் தொந்தரவும் வராது என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வெளியே வந்தேன்.

மாமியாரைக் காணோம். முடிவு தெரியும்வரை நிற்கத் தைரியம் இல்லாமல் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். நிறுத்தம் மைதானத்துக்கு அந்தப் பக்கம், பின்கேட்டுக்கு வெளியே. இந்தக் காலோடு நான் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸே போய்விடும். வண்டியில் ஏறி, பிளேடை நிறுத்திவிட்டு, குறுக்காக விட்டேன் பாருங்கள், அந்த வண்டி அவ்வளவு வேகம் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

நிறுத்தத்தில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடித்து வைத்த பேட்டரிப் பை. காலடியில் இன்னொரு பெரிய பை, ஜிப் மூட முடியாத அளவுக்குப் புடைத்திருந்தது. எஞ்சினை நிறுத்தினேன்.

“வேல போகல அத்தை. உங்களாலதான் போகல.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பெரிய பையில் என்ன என்று கேட்டேன்.

“என் துணிமணிதான்,” என்றார். “காலையில வாட்ச்மேன் ரூம்ல வச்சிட்டுத்தான் கொட்டகைக்கு வந்தேன். வண்டி ஓடலன்னா உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? இப்படியே என் ஊருக்குப் போயிடலாம்னுதான். பெல்ட்டைக் கழட்டினது தப்பா சரியான்னு எனக்கும் தெரியாது. உங்ககிட்ட கேக்கலாம்னு எத்தனையோ நாள் கதவு வரைக்கும் வந்தேன், மாப்பிள்ளை. கேக்க வாய் வரல.”

என் பிழைப்பைக் காப்பாற்றிய மனுஷி, என் வாய்க்குப் பயந்து, மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெற்ற தாய் செய்வாரா என்று தெரியவில்லை, அப்படி ஒன்றை எனக்காகச் செய்திருக்கிறார். அழுதேன். இந்த முறை புகை என்று சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை என்றேன், கேட்டிருந்தாலும் நான் கத்தத்தான் செய்திருப்பேன், ஆனாலும் இனிமேல் கேளுங்கள் என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் பஸ் வந்து நின்றது. அவர் எழுந்தார். நான் கையை நீட்டி அந்தப் பெரிய பையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பையைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். நான் வண்டியைத் திருப்பினேன். அவர் நடைக்குத் தோதாக மெதுவாக ஓட்டிக்கொண்டு மைதானம் வழியாகத் திரும்பி வந்தோம்.