இறால் அறையில் இரண்டு டயர்

மங்கோலியாவிலிருந்து அறுபது லாரி டயர் கேட்டிருந்தார்கள். மாவு மூட்டை ஏற்றிய பத்து லாரிகள், குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேலேயே ஓடி அக்கரைக் கிராமங்களுக்குப் போகுமாம். குளிர் மைனஸ் முப்பத்தைந்து. எந்த டயர் என்று நீங்களே பார்த்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார் லாரிக்காரர்.

துபாயில், ஜெபல் அலி கிடங்கில் டயர் தேர்ந்தெடுப்பது ராஜிக்கின் வேலை. இன்ஜினியரிங் படித்தவன்தான், ஆனால் தம்ளரில் மிதந்ததைத் தவிர வேறு ஐஸ் பார்த்ததில்லை. கிடங்கில் இரண்டு ரகம் இருந்தன. ஒன்று, பாலைவனத்து லாரிகளுக்கு எல்லோரும் வாங்குவது. ஆழமான பட்டை, சேற்றுக்கும் பனிக்கும் ஆகும் என்று பக்கவாட்டில் எழுத்து. மற்றதில் மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை. பட்டை முழுக்க பிளேடால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள். ராஜிக் இரண்டிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தான். இரண்டும் மெத்தென்று உள்வாங்கின. பட்டை ஆழமானது என்று முதல் ரகத்தையே சீட்டில் எழுதினான்.

அவன் மனைவி இஃப்பத் மூன்று நாள் காய்ச்சலில் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கைகள் வேலை செய்தன. அவனும் கூட இருந்தான், அவ்வளவுதான்.

கண்டெய்னர் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பும். ஏற்றுமதித் தாள்களைப் பார்க்கும் கஜந்தி, யாழ்ப்பாணத்துக்காரர், அவனுடைய சீட்டோடு வந்து நின்றார்.

“தம்பி, இதை வடிவாப் பாத்தனீங்களோ?”

“நகத்தால அழுத்திப் பார்த்தேன் அக்கா. நல்லா மெத்துனு இருக்கு.”

“இஞ்ச நாப்பத்தாறு டிகிரி. என்ர செருப்பே இளகுது. இந்த வெக்கையில எந்த ரப்பர் இறுகி நிக்கும்? அங்க போய்க் கல்லா இறுகினா அந்த டிரைவர் பிரேக்கை மிதிச்சு என்ன செய்யிறது?”

ராஜிக் சீட்டை வாங்கித் திரும்பப் படித்தான். லாரி தடம் விட்டு வழுக்கினால் மெல்லிய பனிக்கட்டி. அதற்குக் கீழே ஏரி.

“அப்ப என்ன, டயரை ஃப்ரிட்ஜுல வச்சுப் பாக்கவா?” என்று சிரித்தார் கிடங்குப் பொறுப்பாளர் சாதிக் பாட்ஷா. கீழக்கரைக்காரர்; அண்ணனைக் காக்கா என்னும் ஊர், கிடங்கிலும் அவர் சாதிக் காக்காதான்.

“வைப்பம்,” என்றார் கஜந்தி. சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

அவர் கணவர் ஆனந்தராசா இரண்டு தெரு தள்ளி, மீனும் இறாலும் உறைய வைக்கும் குளிர்கிடங்கில் சூப்பர்வைசர். ஒரு அறை காலி. சரக்கு மாலைக்குத்தான் வரும். டயரைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாராம். சாதிக் காக்கா ரகத்துக்கு ஒன்றாக இரண்டு டயரை உருட்டிவந்து, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் இரண்டு தரம் தேய்த்துக் கழுவினார்.

மைனஸ் இருபத்தைந்து. டயர்களை உள்ளே வைத்துவிட்டு, ஆனந்தராசா ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் பரப்பி ஊற்றினார். கதவைச் சாத்திவிட்டு ராஜிக்கும் சாதிக்கும் வெளியே மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள்.

“காக்கா, நீங்க ஏன் வந்தீங்க? கிடங்குல ஆள் இல்லையே,” என்றான் ராஜிக்.

“உன் சீட்டெல்லாம் நாங்க ரெண்டு தடவ பாக்குறதுதான்,” என்றார் சாதிக். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்.

“எப்ப இருந்து?”

“நீ பொண்டாட்டி மவுத்து முடிச்சு ஊர்ல இருந்து வந்ததுல இருந்து. கஜந்திப் புள்ளையும் பாக்கும், நானும் பாப்பேன்.”

“தப்பு இருந்துச்சா?”

“இருந்துச்சு. மாத்திட்டோம்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா ராஜினாமா குடுத்துட்டு ஊருக்குப் போயிருப்ப. அங்க போயி சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்ப. விடுப்பா.”

 எட்டு மாதமாகத் தன் வேலையைத் தானே பார்த்துவந்ததாக ராஜிக் நினைத்திருந்தான்.

ஆனந்தராசா தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார். “போங்கோ தம்பி, நீங்கதான் பாக்க வேணும்.”

உள்ளே தரை கண்ணாடியாகியிருந்தது. முதல் டயரில் நகத்தை அழுத்தினான், நகம் மடங்கியது. சாதிக்கும் ஆனந்தராசாவும் டயரை அந்த ஐஸ் மேல் நிமிர்த்திப் பிடித்தார்கள். அடியில் காலால் ஒரு தள்ளு தள்ளினான். கேரம் காய்போல் சறுக்கியது. சாதிக் பிடியை விட்டுச் சுவரோரம் ஓடினார்.

“யா அல்லாஹ், காலு போச்சு!”

பனிப்பூ முத்திரை இட்ட டயர் நகத்துக்கு இடம் கொடுத்தது. தள்ளினான். அசையவில்லை. இன்னும் ஓங்கித் தள்ளினான். முனகியபடி விரல் அகலம் நகர்ந்து நின்றது.

“இதுதான்,” என்றான்.

ஆனால் அந்த ரகம் நாற்பத்தெட்டுதான் இருந்தது. மீதிக்கு முதல் ரகத்தைக் கலந்து அனுப்பினால் அறுபது நிறைந்துவிடும். சாதிக் அவன் முகத்தையே பார்த்தார். ராஜிக் பழைய சீட்டைக் கிழித்தான். நாற்பத்தெட்டு என்று எழுதினான். லாரிக்காரருக்கும் உள்ளதை எழுதினான்: முதலில் நான் தேர்ந்தெடுத்தது தவறு. கூட வேலை செய்பவர்கள் தடுத்தார்கள். ஐஸில் வைத்துப் பார்த்தோம். சரியானவை நாற்பத்தெட்டே உள்ளன. மற்றதை ஏரிக்கு அனுப்ப மாட்டேன்.

அனுப்புவதற்கு முன் கஜந்தியின் மேசைக்குப் போனான்.

“அக்கா, எட்டு மாசம் பார்த்திருக்கீங்க. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“சொல்ல வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?”

“இல்லை.”

“அதைச் செய்யுங்கோ.”

அவர் நீட்டிய டப்பாவில் புட்டும் மீன்குழம்பும் இருந்தன. நின்றபடியே சாப்பிட்டான். உறைப்பு. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மாலையில் பதில் வந்தது. லாரிக்கு ஆறு டயராக எட்டு லாரிகள் ஏரியைக் கடக்கும்; மற்ற இரண்டும் கரையோரமாகச் சுற்றிப் போகும், நன்றி என்று இருந்தது. அடியில் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் ஐஸ் எங்கே கிடைத்தது?

ராஜிக் சாதிக்கிடம் படித்துக் காட்டினான். பிறகு பதில் எழுதினான்: “என் கூட இருப்பவர்கள் உண்டாக்கித் தந்தார்கள்.”