மடித்து வைத்த பாதி

பூட்டனார் ஜெயிலுக்குப் போனார் என்பது பொய்யில்லை. சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மை.

சண்முகசுந்தரி காலையிலிருந்து இதையே மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தது. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் இன்றைக்குத் தலைக்குள் இடித்தது.

இன்று ஆனி பதினான்கு. வருஷந்தோறும் இந்த நாளில் வீட்டில் உப்பில்லாத கேப்பைக் கூழ்தான். பூட்டனார் வக்கீல் பிச்சையா வெள்ளைக்காரன் ஜெயிலில் குடித்த கூழ் என்று சொல்லித்தான் அவளையும் அண்ணன் மகாராஜனையும் வளர்த்திருந்தார்கள். அதற்குச் சாட்சி, கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு தாள். ஜெயில் முத்திரை, அவர் பெயர், தேதி. போன வாரம், அவருக்கு ஊரில் சிலை வைக்கும் கமிட்டியின் மலருக்குப் பிரதி எடுக்க அவள் அதைக் கழற்றினாள். தாள் பின்பக்கம் மடிந்திருந்தது. மடிந்த பாதியில் ஆங்கிலத்தில், சிறையைப் பார்வையிட சர்க்கார் நியமித்த கௌரவப் பார்வையாளர் என்று இருந்தது.

பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். சும்மா இருக்க முடியவில்லை. டிரங்குப் பெட்டியைக் கிளறி அவருடைய நோட்டுகளைப் படித்தாள். கூட்டம், கோஷம் என்றால் ஒதுங்கியவர். சர்க்காருக்கு மனு, மகஜர் எழுதியே சுயராஜ்யம் வாங்கிவிடலாம் என்று நம்பியவர். ஒவ்வொன்றையும் மூன்று தடவை எழுதுவார்; முதல் பிரதியில் கோபத்தையெல்லாம் கொட்டுவார். இரண்டாவதில் கடுஞ்சொற்களைக் கோடு போட்டு அடிப்பார். மூன்றாவதைத்தான் அனுப்புவார். அந்த ஆனி பதினான்கில் எழுதியிருந்தார்: ‘கைதிகளின் கூழை வாங்கிக் குடித்தேன். உப்பில்லை. ராஜத்துரோகக் கைதி ஒருவர் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேசவில்லை. பேசாதது நியாயம்.’

பிறகு உப்புக்காகப் பதினோரு மகஜர். உப்பு வந்தபோது அந்தக் கைதியை வேறு ஜெயிலுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஒரு கை உப்புக்குப் பதினோரு மகஜரா! சில சமயம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சில சமயம் அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அத்தனை சொற்களை அடித்த மனிதர், ‘நியாயம்’ என்ற சொல்லை அடிக்காமல் விட்டிருந்தார்.

பத்து மணிக்கு மகாராஜன் சிலைக் கமிட்டிச் செயலாளர் துரைப்பாண்டியுடன் வந்தான். தெருவுக்குப் பூட்டனார் பெயர் வைக்க சர்க்காருக்கு விண்ணப்பம். அவர் சிறைவாசம் அனுபவித்தார் என்று குடும்பத்தின் சார்பில், சரித்திர ஆசிரியை என்ற முறையில், அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

துரைப்பாண்டி ஒரு வாய் கூழ் குடித்து முகம் சுளித்தார். “ஒரு கல்லு உப்புப் போட்டா தியாகம் கொறஞ்சா போயிரும்?”

“அண்ணாச்சி, அவரு கைதி இல்ல. ஜெயிலப் பாக்கப் போனவரு” என்று நோட்டை நீட்டினாள்.

அவர் அதைத் தொடவில்லை. “தங்கச்சி, சிலைக்குக் கைவிலங்கு வாத்தாச்சு. இனி கழத்தவா முடியும்? இது வெளிய தெரிஞ்சா வெள்ளக்காரன் ஜால்ராவுக்கா சிலைன்னு ஊரே காறித் துப்பும். அண்ணனும் தங்கச்சியும் பேசி முடிங்க. நான் முக்கு டீக்கடையில நிக்கேன்.”

 அவர் போனதும் மகாராஜன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“மடிச்சிருக்கது எனக்குத் தெரியும்ட்டி. அப்பாதான் மடிச்சாரு.”

அவள் நீட்டிய நோட்டை மூடினாள்.

“பள்ளிக்கூடத்துல ஆகஸ்ட் பதினஞ்சுக்குத் தியாகி வீட்டுப் பிள்ளையள மேடையில ஏத்துனாவ. நானும் போய் நின்னேன். ‘எறங்குலே, ஒம் பூட்டன் மனு எழுதுனவம்லா’ன்னு சாரு கையப் புடிச்சு எறக்கிவிட்டாரு. பூராப் பயலும் சிரிச்சான். வீட்டுக்கு வந்து அழுதேன். அன்னைக்கே அப்பா அதை மடிச்சு மாட்டுனாரு. ஆணி எடுத்துக் குடுத்தது நான்.”

“அப்போ கூழு?”

“அது பூட்டனாரே ஆரம்பிச்சது. சாகுற வரைக்கும் குடிச்சாராம். காரணத்த மட்டும் அப்பா மாத்துனாரு.”

திரும்பிக்கொண்ட ஒரு முதுகுக்காக ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உப்பில்லாமல் கூழ் குடித்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவுமில்லை.  எதிரே அறுபது வயது அண்ணன். அவன் முகத்தில் மேடையிலிருந்து இறக்கப்பட்ட பையன் இன்னும் இறங்கி முடிக்காமல் நின்றான்.

“ஒத்தக் கையெழுத்துட்டி. என்னைய இன்னொரு மட்டம் எறக்கிவிட்ராத.”

விண்ணப்பத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். பேனா விரலுக்குள் வந்துவிட்டது. போட்டுவிடலாம் என்றுதான் ஒரு கணம் இருந்தது. பிறகு பேனாவை மூடி அண்ணனின் சட்டைப்பையில் செருகி, தாளை அவன் கையில் கொடுத்தாள்.

“எனக்கு ஏலாதுண்ணே.”

அவன் போகவுமில்லை, உட்காரவுமில்லை. மின்விசிறிக் காற்றில் தாள் அவன் கையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் போய் விசிறியை நிறுத்தினாள்.