சம்பந்தியோடு வேட்டைக்கு

யோகலிங்கத்துக்கு வேட்டை என்றால் என்னவென்று தெரியாது. சம்பந்தி என்றால் என்னவென்று தெரியும். அவர் நமீபியாவின் முட்காட்டில் துப்பாக்கியோடு போய் நின்றதற்கு அந்த இரண்டாவதுதான் காரணம்.

மகள் ஜெனிதா, எய்விண்ட் என்ற நோர்வேப் பொடியனைக் கட்டப்போவதாகச் சொன்னபோது வீட்டில் பெரிய அமளி எதுவும் நடக்கவில்லை. வசந்தமலர் சில நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிந்தாள், பிறகு கலியாண மண்டபம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பொடியனின் தகப்பன் ஓட்வார் மனைவியை இழந்தவர். ஹம்மர்பெஸ்டில் பிறந்து, அங்கேயே எரிவாயு ஆலையில் வேலை செய்து, ஓய்வு பெற்றபிறகு ஒஸ்லோவுக்கு வந்து நூர்ஸ்ட்ராண்டில் தனியாக இருந்தார். வாயில் இருந்து சொல் விழுவது அபூர்வம். முதல்முறை மோர்டென்ஸ்ருட்டில் இவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று கத்தரிக்காய்க் குழம்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தி யோகலிங்கத்திடம், மே மாதம் நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறேன், வழிகாட்டி எல்லாம் உண்டு, நீயும் வருகிறாயா என்று கேட்டார்.

யோகலிங்கம் முப்பது வருஷத்துக்கு மேலாக நோர்வேயில் இருப்பவர். ஒரு பல் ஆய்வுகூடத்தில் பொய்ப்பல் செய்கிற வேலை. நோர்வேமொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்றைக்குப் பார்த்து அவருடைய காது யாழ்ப்பாணத்துக் காதாகிவிட்டது. எங்கள் ஆட்கள் வாசலில் நின்று சாப்பிட்டுப் போங்கோவன் என்பார்கள், வந்தவர் இன்னொரு நாளைக்கு வாறம் என்பார். அதில் சாப்பாடும் கிடையாது, இன்னொரு நாளும் கிடையாது. அந்த முறையில்தான் யோகலிங்கம் சிரித்துக்கொண்டே, ஓம், கட்டாயம் போவம் என்றார். நோர்வேக்காரர் ஒப்புக்குக் கேட்பதில்லை. ஓட்வார் கைத்தொலைபேசியை எடுத்து, குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, அந்த இடத்திலேயே இரண்டு பேருக்கும் விமானத்தில் இடம் பிடித்துவிட்டார்.

சம்பந்தி படியிறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு யோகலிங்கம் மனைவியிடம் புலம்பினார். "நான் ஒரு எலியைக்கூட அடிச்சதில்லை, மலர்."

வசந்தமலர் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இஞ்சேருங்கோ, நாங்கள் பொம்பிளை வீட்டுக்காரர். மாட்டன் எண்டு சொன்னா அந்த மனுசன் என்ன நினைக்கும்? போட்டு வாங்கோ. சுடாமல் வாங்கோ."

மனம் கேளாமல் அவர் கோயிலுக்குப் போய் ஐயரைக் கேட்டார். ஐயர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். முருகப்பெருமானே வேடர் வீட்டில் பெண் எடுத்தவர்தானே, அந்தச் சம்பந்தத்தை அவர் குறைவாக நினைக்கவில்லையே என்றார். பயப்படாமல் போகலாம், மயிலை மட்டும் சுடவேண்டாம்.

சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்துவதுதான் அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. அங்கே வேட்டையாடுகிற பெரிய மானுக்குப் பெயர் குடு. ஊரில் அந்தச் சொல்லுக்குப் போதைத்தூள் என்று அர்த்தம். யோகலிங்கம் குடுவுக்காக ஆபிரிக்கா போகிறார் என்ற கதை ஸ்தவாங்கர் நகரம்வரை போய், அங்கிருந்து மச்சான் ஸ்ரீதரன் தொலைபேசியில் அழைத்து, இந்த வயதில் உமக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று கேட்டார்.

ஓட்வார் அவரைச் சூட்டுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். யோகலிங்கம் சுட்ட குண்டுகள் எல்லாம் பக்கத்து ஆளின் பலகையில் போய் விழுந்தன. ஒன்று தவறாமல் எல்லாம். பக்கத்து ஆள் தன் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, தான் சுட்டதைவிட ஓட்டை கூடுதலாக இருக்கிறதே என்று நின்றார். ஓட்வார் மட்டும் தலையை ஆட்டி, உன் கையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்றார். அவர் பகிடி விடுகிறாரா என்று யோகலிங்கம் முகத்தைப் பார்த்தார். பகிடி இல்லை. அந்த முகத்தில் அப்படி ஒரு வசதியே இருந்ததாகத் தெரியவில்லை.

நமீபியாவில் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஹென்ட்ரிக் என்ற நெடிய மனிதர். அவருடைய தகப்பனும் பாட்டனும் அதே நிலத்தில் வேட்டைக்கு வழிகாட்டியவர்கள். வந்த அன்றே இருவரையும் நிறுத்தி விதிகளைச் சொன்னார். மிருகத்துக்கு மரியாதை கொடுக்கவேண்டும். கிழட்டு ஆணைத்தான் எடுக்கவேண்டும். முக்கியமானது கடைசி விதி: நீங்கள் சுட்டு எது இரத்தம் சிந்துகிறதோ அது உங்களுடையது, பிறகு வேண்டாம் என்ற பேச்சே இல்லை. யோகலிங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றிலும் படாமல் சுடுவதென்று மனதுக்குள் அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை வண்டியை ஒரு முட்புதருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு மூவரும் நடந்தார்கள். காற்று மாறமாற ஹென்ட்ரிக் வளைந்து வளைந்து கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் ஒரு மேட்டில் எல்லோரும் வயிற்றில் படுத்துக்கொண்டார்கள். எதிரே ஒரு குடு நின்றது. முறுக்கின கொம்பு, கழுத்தில் தாடி, கோயில் முதலாளி மாதிரி ஒரு நிற்பு. ஓட்வார் தன் முறையை விட்டுக்கொடுத்து, நீ சுடு என்று கையால் காட்டினார்.

யோகலிங்கம் தொலைநோக்கிக் கண்ணாடியில் பார்த்தார். அது இலை தின்றுகொண்டிருந்தது. அவருடைய கண் தானாகவே வாய்க்குப் போனது. கீழ்த்தாடையை இடப்பக்கம் மட்டும் அரைத்து அரைத்துச் சாப்பிட்டது. வலப்பக்கத்துக் கடைவாய்ப்பல் தேய்ந்திருக்கும், பாவம், வலிக்கிறது போலும் என்று நினைத்தார். அதற்குப் பிறகு அதைச் சுடுவதென்பது ஆய்வுகூடத்துக்கு வந்த ஆளைச் சுடுவது மாதிரித்தான். துப்பாக்கிக் குழலை நன்றாக வலப்பக்கம் திருப்பினார். அங்கே வெறும் முட்புதர். கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

குடு பாய்ந்து போய்விட்டது. புதருக்குள்ளிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. பிறகு ஏதோ சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம்.

சுற்றிச் சுற்றி நடந்ததில் அவர்கள் தங்கள் வண்டிக்கே திரும்பி வந்திருந்தார்கள்.

யோகலிங்கம் எழும்பி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஹென்ட்ரிக் அவருடைய தோளை அமத்திப் படுக்கவைத்தார். காயம்பட்டதுக்கு உடனே கிட்டப் போகக்கூடாது, அப்போதுதான் அது ஆபத்து என்று காதுக்குள் சொன்னார். மூவரும் படுத்தபடி காத்திருந்தார்கள். புதருக்கு மேலே வெள்ளைப் புகை எழும்பி அடங்கியது. அதன்பிறகு ஹென்ட்ரிக் அவர்களைப் பின்பக்கமாகக் கூட்டிப்போய், ஒரு நீளத் தடியால் வண்டியின் முன்விளக்கைத் தொட்டுப் பார்த்தார். மிருகத்தின் கண்ணைத் தொட்டுத்தான் உயிர் போனதை உறுதிப்படுத்துவார்களாம். அசைவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். ஓட்வாரும் கழற்றினார்.

குண்டு முன்பக்கக் கம்பித் தட்டியைத் துளைத்து உள்ளே போயிருந்தது. கறுத்த எண்ணெய் மணலில் பரவிக்கொண்டிருந்தது. ஹென்ட்ரிக் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துக் கம்பிகளுக்கு நடுவே கடைசிக் கவளமாகச் செருகினார். இன்னொரு கொப்பை எண்ணெயில் தோய்த்து யோகலிங்கத்தின் தொப்பியில் வைத்தார். பிறகு இரண்டு விரலால் எண்ணெயைத் தொட்டு அவருடைய நெற்றியில் பூசினார், முதல் தடவை வேட்டையாடியவனுக்குச் செய்வதுபோல.

"கிழட்டு ஆண்," என்றார் ஹென்ட்ரிக். "என் தகப்பன் காலத்திலிருந்து இந்தக் காட்டில் திரிந்தது. அடுத்த மழைகாலத்தைத் தாண்டியிராது. நல்ல தெரிவு."

ஓட்வார் கைகுலுக்கினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நாற்பது வருஷமாக வேட்டைக்குப் போகிறேன், இப்படி ஒன்று எனக்கு வாய்க்கவில்லை என்றார். யோகலிங்கம் இருவருடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சிரிப்பின் ஒரு சுருக்கமாவது எங்கேயாவது இருக்கவேண்டுமே. இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருத்தி அவரைப் படம் எடுத்தார்கள். பிறகு மூவரும் வெயிலில் நடந்தே தங்குமிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

சரி, இந்த மட்டில் முடிந்தது என்று அவர் ஒஸ்லோவுக்கு வந்து, திரும்பவும் பல் செய்யத் தொடங்கினார். இலையுதிர்காலத்தில் விமான நிலையத்துச் சரக்குப் பகுதியிலிருந்து அழைப்பு வந்தது. போனால் அங்கே ஆளுயரப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே வண்டியின் தலை. கம்பித் தட்டி, இரண்டு பக்கக் காப்புத் தகடு, முன்மூடியில் பாதி, எல்லாம் ஒரு கேடய வடிவப் பலகையில் பொருத்தப்பட்டிருந்தது. மிருகங்களைப் பாடம் செய்கிற ஆள் தன் வேலையில் குறை வைக்காதவர் போலும். முன்விளக்குகள் கழற்றுகையில் உடைந்திருந்ததால் அந்த இடத்தில் இரண்டு பெரிய மண்ணிறக் கண்ணாடிக் கண்களை வைத்திருந்தார். பார்வை கொஞ்சம் சோகமாக இருந்தது.

அங்கிருந்த அதிகாரி ஒரு இளம்பெண். என்ன இனம் என்று கேட்டாள். யோகலிங்கம், கார் என்றார். கார் என்றால் இது வாகன இறக்குமதி, நாலு சில்லும் எங்கே என்றாள். சில்லு இல்லை, சுட்டது என்றார். அப்படியென்றால் வேட்டைப்பொருள், பாதுகாக்கப்பட்ட இனமா என்று கேட்டாள். அவர், இனி இப்படி வண்டி செய்வதில்லை என்று கேள்விப்பட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். மிருக வைத்தியர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் கையுறை போட்டு, கம்பிகளுக்குள் விரல்விட்டு மணந்து பார்த்து, நன்றாக உலர்ந்திருக்கிறது, நோய் எதுவும் தெரியவில்லை, கொண்டுபோகலாம் என்றார்.

மின்தூக்கிக்குள் அது போகவில்லை. யோகலிங்கமும் ஓட்வாரும் படியால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓட்வார் வழிநெடுக, கொம்பு கவனம், கொம்பு கவனம் என்றார். பக்கக் கண்ணாடிகளைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

வசந்தமலர் வரவேற்பறையில் நின்று அதன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள். ஏதாவது பேசப்போகிறாள் என்று யோகலிங்கம் காத்திருந்தார். அவள் உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, மூடியின் நடுவில் சந்தனம் வைத்து, குங்குமம் தொட்டு, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கீழே வைத்தாள். "வாகனம் எண்டா வாகனம்தானே," என்றாள். "என்னத்துக்கு இந்தக் கண்? பாக்கவே ஏக்கமா இருக்கு."

ஆட்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். ஸ்தவாங்கரிலிருந்து ஸ்ரீதரன் வந்து, குடு இதுவோ என்று கேட்டு, மன்னிப்பும் கேட்டார். மேல்மாடியில் இருக்கிற கோபாலகிருஷ்ணன், சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றார். சார், ரேஞ்ச் எவ்வளவு இருக்கும், ஓடிட்டு இருந்துச்சா, நின்னுட்டு இருந்துச்சா என்று கேட்டார். நிண்டுகொண்டிருந்தது என்று யோகலிங்கம் சொன்னார். "பரவால்ல சார்," என்று கோபாலகிருஷ்ணன் ஆறுதல் சொன்னார், "ஃபர்ஸ்ட் டைம் தானே."

ஓட்வார் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். சோபாவில் இருந்து அதைப் பார்ப்பார், தேத்தண்ணி குடிப்பார், போவார். போகப்போக அவருடைய பேச்சு இன்னும் குறைந்தது. ஒருநாள் தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டார். ஜெனிதா தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, எய்விண்டின் அப்பா வீட்டில் சாப்பிடுவதில்லையாம், தன் சுவரிலிருந்த மான்தலைகளை எல்லாம் கழற்றி நிலவறைக்குள் போட்டுவிட்டாராம் என்றாள். "அப்பா, நீங்கள்தான் அவரோடை கதைக்கவேணும். கலியாணத்துக்கு ஆள் இப்பிடி வந்து நிண்டா சரிவராது."

அடுத்த ஞாயிறு யோகலிங்கம் கதைத்தார். நான் குடுவை விட்டுவிட்டுப் புதரைச் சுட்டேன், வண்டி அங்கே நிற்பது தெரியாது, கண்ணையும் மூடியிருந்தேன், இதில் என்னுடைய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை என்று ஒன்றும் விடாமல் சொன்னார்.

ஓட்வார் சுவரில் இருந்த தலையைப் பார்த்தார். பிறகு, "நல்ல வேட்டைக்காரன் எல்லோரும் இப்படித்தான் சொல்வான்," என்றார். தரையைப் பார்த்தபடி, "என்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு போவாயா?" என்று கேட்டார்.

யோகலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி செத்தபிறகு இந்த மனிதர் யாரையாவது இப்படி ஒன்று கேட்டிருப்பாரா என்றுதான் தோன்றியது. "ஓம், போவம்," என்றார். இந்தமுறை அதை ஒப்புக்குச் சொல்லவில்லை.

துப்பாக்கி இல்லாமல் என்பதில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை மோர்டென்ஸ்ருட் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே, பைன்மரங்களுக்கிடையில், இரண்டு பேரும் வயிற்றில் படுத்துக்கொண்டார்கள். யோகலிங்கம் காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரியவில்லை, வழிகாட்டி என்றால் பார்க்கவேண்டும் என்றிருந்தது. குடும்பக் கார்கள் வந்து போயின. பிள்ளைகளை இறக்குகிற இடத்துக்கு வேட்டைக்காரன் குறி வைப்பதில்லை என்று அவர் ஒரு விதியையும் அந்த இடத்திலேயே உண்டாக்கினார். ஓட்வார் மரியாதையோடு ஏற்றுக்கொண்டார். மத்தியானமளவில் பெரிய குப்பை லொறி ஒன்று, மஞ்சள் விளக்கு சுழல, மெல்ல மெல்ல வந்து திரும்பி நின்றது. ஓட்வார் மூச்சை அடக்கிக்கொண்டார். சாரதி இறங்கி வந்து மேட்டைப் பார்த்தான். இரண்டு கிழவர்கள் பாசிக்குள் படுத்துக்கிடப்பதைக் கண்டு, என்ன நினைத்தானோ, கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பவும் ஏறிக்கொண்டான்.

"உன்னைக் கண்டுவிட்டது," என்றார் யோகலிங்கம்.

ஓட்வார் சிரித்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது, பிறகு அடக்கமுடியாமல் பாசியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். இத்தனை நாளும் அவருக்கு எல்லாம் விளங்கியிருந்ததா, அல்லது அந்த நிமிஷத்தில்தான் விளங்கியதா என்று யோகலிங்கம் கேட்கவில்லை. தானும் சிரித்தார். அவர்களுக்குக் கீழே லொறி தன் பாட்டுக்குக் குப்பையை விழுங்கிக்கொண்டிருந்தது.

கலியாணம் ஆனி மாதம் நன்றாக நடந்தது. ஓட்வார் வேட்டி கட்டி, அதற்கு மேலே தன் வேட்டை இடுப்புப்பட்டியையும் கட்டிக்கொண்டு வந்தார். வேட்டி ஒருமுறையும் அவிழவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். கோடை முடிய அவர் நூர்ஸ்ட்ராண்ட் வீட்டை விட்டுவிட்டு மோர்டென்ஸ்ருட்டிலேயே, தரிப்பிடத்தைப் பார்த்தபடி உள்ள கட்டிடத்தில் ஒரு வீடு எடுத்துக்கொண்டார். காரணம் கேட்டவர்களுக்கு, நல்ல நிலம் என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமைகளில் வசந்தமலர் அவர்கள் இரண்டு பேருக்கும் இடியப்பம் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள். அவளுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். சம்பந்தி பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தால் புருஷனோடு வாய்விட்டுச் சண்டை பிடிக்க ஏலாது.