துப்பறிவாளரின் திருட்டு முழி

ரத்தினவேலுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, மாலையில் நாடகம். அவருக்குச் சினிமாவில் துப்பறிவாளர் வேடம் கிடைத்ததும் அவர் மனைவி அமிர்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. கதை, அவள் ஏழு தடவை படித்த பழைய நாவல். அந்தத் துப்பறிவாளர் குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு பார்வையிலேயே எதிராளியை வேர்க்க வைத்துவிடுவார்.

1958 தை மாதம் படம் திருச்சிக்கு வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து இருவரும் பஸ் ஏறி மாட்டினிக் காட்சிக்குப் போனார்கள்.

படம் ஓட ஓட அமிர்தத்துக்குக் குழப்பம். துப்பறிவாளர் கதவு திறந்தாலே திடுக்கிடுகிறார். சாட்சி வாய் திறந்தால் எச்சில் விழுங்குகிறார். கொன்றது டாக்டர் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் இடைவேளைக்குள் புருஷன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பின்வரிசையில் ஒருவர் அடித்துச் சொன்னார்: "துப்பறியற ஆளுதான் கொன்னிருக்கான். முழியைப் பாருங்க!"

கொட்டகையே சிரித்தது. இடைவேளை விளக்குப் போட்டதும் ரத்தினவேல் விறுவிறுவென்று வெளியேறினார். அமிர்தம் சோடாக்கடை ஓரத்தில் அவரைப் பிடித்தாள்.

"என்னங்க, நாவல்ல அவர் பயப்படவே மாட்டாரே! ஏன் அப்படி முழிச்சீங்க?"

"நான் என்ன பண்ணுவேன் அமிர்தம்? முதல்ல டாக்டர்தான் கொலைகாரன்னாங்க. புஸ்தகம் படிச்சவங்க கண்டுபிடிச்சிடுவாங்கன்னு டைரக்டர் நாலாம் நாளே மாத்திட்டாரு. செத்தவரோட தம்பின்னாரு, அப்புறம் சமையல்காரின்னாரு. கேட்டா, 'கடைசில சொல்றேன், நீங்க நடிங்க'ன்னாரு. ஒருவேளை நானா இருந்துட்டா? எதுக்கும் இருக்கட்டும்னு கொஞ்சம் பயந்தாப்ல நடிச்சு வச்சேன்."

அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, கடைசில யாரு?"

"யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள என்னை அனுப்பிட்டாங்க. முடிவை எனக்குப் பதிலா வேற ஆள் முதுகைக் காட்டி எடுத்தாங்களாம்."

உள்ளே மணி அடித்தது. ரத்தினவேல் பஸ் நிற்கும் பக்கம் திரும்பினார். அமிர்தம் அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்க. யாருன்னு தெரியாம வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு இறங்காது."

தயங்கித் தயங்கி வந்தவர், கடைசி ரீலில் அவளைவிட ஆவலாக இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். திரையில் ஒரு முதுகு கையை நீட்டியது. டாக்டர், தம்பி, சமையல்காரி மூன்று பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. 'சுபம்' விழுந்தது.

"இதுல யாருங்க கொன்னது?" என்றாள் அமிர்தம்.

"வா, பஸ்ல உக்காந்து யோசிப்போம்" என்றார் ரத்தினவேல்.